முந்திரி ஆலையில் தரத்தைத் திருத்த எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: பண்ருட்டிப் பக்கம் குடும்பமாக நடத்தும் முந்திரி ஆலை. அறுபது பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒரு வருடமாகப் புகார் கூடிக்கொண்டே போகிறது. உடைசல் அதிகம், ஒரே டின்னில் இரண்டு தரம் கலந்திருக்கிறது, மழைக்காலத்தில் பருப்பு நமுத்துப் போகிறது என்கிறார்கள் வாங்குபவர்கள். இன்னும் இரண்டு மேஸ்திரி போட்டுக் கண்காணிக்கலாம் என்கிறார் அப்பா. முதலில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்குங்கள் என்கிறார் ஓர் ஆலோசகர். எதை முதலில் செய்வது?

இரண்டையும் இப்போதைக்கு ஒத்திப் போடுங்கள். மேஸ்திரி பார்க்கும்போது பருப்பு ஏற்கெனவே உடைந்திருக்கும். எத்தனை கண் வைத்துப் பார்த்தாலும் உடைந்தது ஒட்டாது, பொறுக்கி எடுக்கும் கூலிதான் கூடும். சான்றிதழுக்கு அதன் காலம் வரும், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போது உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பருப்பு எந்தக் கட்டத்தில், எதனால் உடைகிறது? புதுச்சேரி தொழிற்பேட்டைகளில் தரப் பிரிவிலேயே வேலை பார்த்துவிட்டு, இப்போது கடலூர் மாவட்டத்துச் சின்ன ஆலைகளுக்கு உதவி செய்துவருகிறேன். உதிரி பாகமோ, பிஸ்கட்டோ, முந்திரியோ, எங்கே போனாலும் நான் பார்ப்பது ஒன்றுதான். குறை கண்ணில் படும் இடத்தில் இருப்பவர் திட்டு வாங்குகிறார். அந்தக் குறையை உண்டாக்கிய இடம் அதற்கு இரண்டு கட்டம் முன்னால் இருக்கிறது.

உங்கள் ஆலையில் திட்டு விழும் இடம் தோல் உரிக்கும் மேசையாகத்தான் இருக்கும். ஏனென்றால் உடைசல் அங்கேதான் குவிகிறது. ஆனால் அந்த மேசைக்கு வருவதற்குள் பருப்பு எவ்வளவு பட்டிருக்கிறது என்று பாருங்கள். கொட்டை சரியாகக் காயாமல் மூட்டைக்குள் போயிருக்கலாம். பெரிசும் சிறிசும் கலந்து ஒரே கொதிகலனில் வெந்திருக்கலாம். பெரிய கொட்டைக்குப் போதாத ஆவி சின்னக் கொட்டைக்கு அதிகம். வேகவைத்த கொட்டையை ஓர் இரவாவது ஆறவிட வேண்டும், அப்போதுதான் ஓடு விறைத்து, உள்ளே பருப்பு ஓட்டை விட்டு விலகும். ஆர்டர் அவசரத்தில் அதே நாள் மாலையே உடைக்கக் கொடுத்தால் பருப்பில் கத்தி பாயும். அதற்குப் பிறகு போர்மா, அதாவது பருப்பைத் தட்டுகளில் அடுக்கிச் சூடான காற்றில் காயவைக்கும் அடுப்பறை. பருப்பின் ஈரம் நூற்றுக்கு மூன்று அளவுக்கு இறங்கும்போது தோல் சுருங்கி இலகுவாகக் கழன்று வரும். அதற்கும் கீழே போனால் பருப்பு நொறுங்கத் தொடங்கிவிடும், எவ்வளவு கைப்பக்குவம் உள்ளவரும் முழுசாக உரிக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு நல்ல தராசும் ஒரு நோட்டும் போதும். தினமும் மூன்று இடத்தில் ஒவ்வொரு கிலோ எடுங்கள்: ஓடு உடைத்ததும், போர்மாவிலிருந்து இறக்கியதும், தோல் உரித்ததும். ஒரே கூடையிலிருந்து அள்ளாமல் நாலைந்து கூடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். அதில் உடைந்ததைப் பொறுக்கி எடை போட்டு எழுதுங்கள். கூடவே அன்றைக்கு எந்தக் கொட்டை ஓடுகிறது என்பதையும் எழுத வேண்டும். மார்ச் முதல் மே வரை வரும் நம்மூர்க் கொட்டைக்கும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் ஆப்பிரிக்கக் கொட்டைக்கும் அளவு வேறு, ஈரம் வேறு, ஓட்டின் கனமும் வேறு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே ஊர்க் கொட்டையை நம்பி ஆலையை ஓட்ட முடியாத நிலையில், லாட் எண், அதாவது எந்தச் சரக்குத் தொகுதி என்ற அடையாளம், இல்லாத கணக்கால் ஒரு பயனும் கிடையாது.

அளக்கத் தொடங்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது, இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அளப்பவர்கள் ஒரே மாதிரி அளக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நுனி மட்டும் சிதைந்த பருப்பு முழுசா, உடைசலா? லேசாகப் பழுப்பேறியது வெள்ளையா, கருகலா? உங்கள் ஆலையில் மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வரும். ஒரு கிலோ பருப்பை ஒரு தட்டில் கொட்டி, தரம் பிரிக்கும் ஒருவரிடம் கொடுத்துப் பிரித்து எடை எழுதுங்கள். மறுபடி கலந்து அடுத்தவரிடம் கொடுங்கள், அப்புறம் மூன்றாமவரிடம். சாயங்காலம் அதே தட்டை முதலாமவரிடமே, அது பழைய தட்டு என்று சொல்லாமல், திரும்பக் கொடுங்கள். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளையாகப் போனது மாலையில் டியூப்லைட் அடியில் கருகலாக மாறுவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். ஒரே டின்னில் இரண்டு தரம் என்ற புகாரில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. அளவும் அப்படித்தான். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு, டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240 என்பது வழக்கம். அதைக் கண்ணால் மட்டும் பிரிக்கிறார்கள் என்றால், மணிக்கொரு முறை ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், எடை போட்டு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கண் எங்கே தவறுகிறது என்று பிரிப்பவர்களுக்கே அன்றே பிடிபடும்.

இதற்குத் தீர்வு எளிது. எது முழுசு, எது உடைசல், எது கருகல் என்று நீங்களும் உங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரும் ஒப்புக்கொண்ட பருப்புகளைக் கண்ணாடி டப்பாக்களில் போட்டு மேசைமேல் வையுங்கள். நாளானால் நிறம் மாறும் என்பதால் அவ்வப்போது புதுசு மாற்றுங்கள். மேசைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி விளக்குப் போடுங்கள். இதை முடிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். ஆளுக்கொரு அளவாக இருந்தால் அப்புறம் போடும் கணக்கெல்லாம் வீண்.

புகார்களையும் ஒரு முறை எண்ணிவிடுங்கள். ஒரு வருடத்துப் புகாரை எடுத்து உடைசல், கலப்பு, ஈரம், பூச்சி, எடைக் குறைவு என்று பிரித்து, எத்தனை முறை வந்தது, எவ்வளவு பணம் போனது என்று எழுதினாலே போதும். இரண்டு வகைதான் பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் இந்த வருடத்துக்கு எடுங்கள்.

இனி தினசரி எண்ணை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பெரும்பாலான முதலாளிகள் தடுமாறுவது இங்கேதான். நேற்று உடைசல் 13 சதவீதம், இன்று 16. உடனே மேசைக்குப் போய்ச் சத்தம் போடுகிறார்கள். மறுநாள் 14 ஆகிறது. “பார்த்தாயா, சத்தம் போட்டதும் குறைந்துவிட்டது” என்கிறார்கள். சத்தம் போடாவிட்டாலும் 14-க்கு வந்திருக்கும். எந்த வேலையிலும் எண் தினமும் கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். இயல்பான ஆட்டம் எது, ஏதோ ஒன்று மாறிவிட்டதன் அடையாளம் எது என்று பிரிக்க ஒரு வழி வேண்டும். அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூவார்ட் 1924-ல் ஒற்றைத் தாளில் வரைந்து காட்டிய வரைபடம்தான் அதற்கு இன்றைக்கும் நல்ல வழி. அவரை, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் 1947-48-ல் இந்தியாவுக்கே அழைத்து வந்தார். அந்த நிறுவனம் நம் நாட்டு ஆலைகளில் புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டைப் பரப்பியதற்கு அந்த வருகையும் ஒரு தொடக்கம். அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் ஒரு பிரிவு உண்டு.

செய்முறை இதுதான். இருபது, இருபத்தைந்து நாள் எண்ணை வரிசையாக எழுதிச் சராசரி எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, கூட்டலா கழித்தலா என்று பார்க்காமல் அதற்கும் ஒரு சராசரி எடுங்கள். அந்த இரண்டாவது சராசரியை 2.66-ஆல் பெருக்கி, முதல் சராசரியோடு கூட்டினால் மேல் கோடு, கழித்தால் கீழ்க் கோடு. உதாரணத்துக்கு, சராசரி உடைசல் 14, அன்றாட வித்தியாசத்தின் சராசரி 1.5 என்று வையுங்கள். பெருக்கினால் ஏறக்குறைய 4. ஆகவே கோடுகள் 10-லும் 18-லும் விழும். இந்த ஆலையில் ஒரு நாள் 16 வந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை, யாரையும் எதுவும் கேட்காதீர்கள். 19 வந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தேடுங்கள்: லாட் மாறியதா, கொதிகலன் ஆவி குறைந்ததா, கரண்ட் போய் போர்மா விசிறி நின்றதா? எண் கோடுகளுக்குள்ளேயே இருந்தாலும் தொடர்ந்து எட்டு நாள் சராசரிக்கு ஒரே பக்கமாக நின்றால் ஏதோ நிரந்தரமாக மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதன் இன்னொரு பாதியும் முக்கியம். எண் கோடுகளுக்குள்ளேயே அமைதியாக ஆடுகிறது, ஆனால் 14 சதவீதமே உங்களுக்கு அதிகம் என்றால் தனி ஆளைப் பிடித்துப் பயனில்லை. அந்த 14 உங்கள் ஆலை இப்போது அமைந்திருக்கும் விதத்தின் விளைவு. அமைப்பை மாற்றும் அதிகாரம் தோல் உரிக்கும் அக்காவிடம் இல்லை, உங்களிடமும் உங்கள் அப்பாவிடமும்தான் இருக்கிறது. 1950-ல் ஜப்பான் போய்த் தரக் கட்டுப்பாட்டுப் பாடம் எடுத்த அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் வாழ்நாள் முழுக்க அலுக்காமல் சொன்னது இதைத்தான். நம் ஊரிலும் அதைக் கேட்டு நடந்தவர்கள் உண்டு. 1998-ல் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு அவர் பெயரிலுள்ள ஜப்பானிய விருதை வாங்கியது, இந்தியாவுக்கு அது முதல் முறை.

சரி, அமைப்பில் எதை மாற்றுவது? இங்கேதான் வேலை செய்பவர்களின் அறிவு தேவைப்படுகிறது. வாரத்துக்கு ஒரு நாள் கால் மணி நேரம், மேசையருகேயே நின்று பேசுங்கள். ஆபீசுக்குள் கூப்பிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “எந்தப் பருப்பு வந்தா உரிக்கச் சிரமமா இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். நான் போன ஓர் ஆலையில் வயதான ஓர் அம்மா யோசிக்காமல் சொன்னார்: “மேல் தட்டுப் பருப்புன்னா எடுத்ததுமே நொறுங்குதுங்க, அடித் தட்டுல தோலே வர மாட்டேங்குது, நகத்தால சுரண்டறோம்.” எத்தனையோ வருடமாக அவருக்குத் தெரிந்த விஷயம். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

சொன்னதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். அங்கே நாங்கள் சோதித்தது இப்படி. போர்மாத் தட்டுகளில் மேல், நடு, அடி என்று சாக்பீஸால் குறித்தோம். இறக்கியதும் கலக்காமல் தனித்தனியாக வைத்தோம். மேல் தட்டை ஒருவருக்கும் அடித் தட்டை இன்னொருவருக்கும் கொடுத்தால் தட்டின் குணமா, ஆளின் கைப்பக்குவமா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே உரிப்பவர் ஒவ்வொருவருக்கும் மூன்று இடத்துப் பருப்பிலும் ஒவ்வொரு கிலோ கொடுத்தோம். ஒரு வாரம் இதையே திரும்பச் செய்தோம். அந்த அம்மா சொன்னது அப்படியே எண்ணில் வந்தது. யார் உரித்தாலும் மேல் தட்டில் உடைசல் கூடுதல், அடித் தட்டில் தோல் ஒட்டிய பருப்பு கூடுதல். சூடு மேலே தங்கி, மேல் தட்டு தேவைக்கு அதிகமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அளவு மீறிக் காய்ந்த பருப்பு தட்டில் இருக்கும்போது முழுசாகவே தெரியும். கை பட்டதும்தான் உடையும். அதனால்தான் பழி உரிப்பவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. பாதி நேரத்தில் மேல் தட்டையும் அடித் தட்டையும் இடம் மாற்றி வைக்கிறார்கள் இப்போது. பல ஆலைகளில் தெரிந்த வழக்கம்தான், அங்கே ஆள் குறைந்தபோது எப்போதோ விட்டுப்போயிருந்தது.

உங்கள் ஆலையில் காரணம் போர்மாவாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆறவிடும் நேரமாக இருக்கலாம், அளவு பிரிக்காமல் வேகவைப்பதாக இருக்கலாம். தேடும் முறை மட்டும் இதுவேதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் சின்ன அளவில், ஒரு போர்மாவில், ஒரு வாரம் செய்து பாருங்கள். வரைபடத்தில் எண் நகர்ந்ததா என்று பாருங்கள். நகரவில்லையென்றால் பழையபடியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். நகர்ந்தால் அதையே ஆலை முழுக்க வழக்கமாக்கி, நாலு வரியில், தமிழில், பெரிய எழுத்தில் போர்மாக் கதவிலேயே ஒட்டுங்கள். எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், எத்தனை மணிக்குத் தட்டு மாற்றினார்கள் என்று எழுத ஒரு சிலேட்டும் அங்கேயே தொங்கட்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால் தீபாவளி நெருக்கடியில் பழைய வழக்கம் தானாகத் திரும்பிவிடும். பல இடங்களில் திருத்தம் நிற்காமல் போனது இதனால்தான்.

கூலி விஷயத்தை நேராகவே பேச வேண்டும். உங்கள் ஆலையில் உரித்த எடைக்குக் கூலியா? முழுசும் உடைசலும் ஒரே கணக்கா? அப்படியென்றால் வேகமாக உரிக்கத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், பொறுமையாக உரிப்பவர் குறைவாகச் சம்பாதிக்கிறார். அதோடு உடைசலுக்குப் பிடித்தமும் உண்டென்றால் இன்னும் மோசம். பிடித்தம் இருக்கும் ஆலையில் உடைசல் எண் உண்மையாக இருக்காது. உடைந்தது கூடையின் அடியில் போகும், தோலோடு குப்பையில் போகும், சில நேரம் முழுசோடு கலந்து டின்னுக்குள்ளேயே போய்விடும். உங்களுக்கு வரும் கலப்புப் புகார் அங்கிருந்தும் வந்திருக்கலாம். எனவே அளக்கத் தொடங்கும் நாளிலேயே பிடித்தத்தை நிறுத்துங்கள். சொல்லி நிறுத்துங்கள், எல்லோர் முன்னாலும் அப்பாவே சொல்லட்டும். சுவரில் மாட்டும் வரைபடத்தில் யார் பெயரும் வேண்டாம், ஆலையின் எண் மட்டும் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் உடைசல் கூடியதுபோல் தெரியும். பயப்படாதீர்கள், மறைந்திருந்தது வெளியே வருகிறது. வெயில் காலத்திலும் ஓட்டெண்ணெய் நெடியிலும் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்களின் கூலியில், கொதிகலன் செய்த தப்புக்காகக் கை வைப்பது நியாயமே இல்லை. தரத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தாலும் நான் இதைச் சொல்வேன்.

மழைக்கால ஈரம் தனிக் கதை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடலோரக் காற்றில் பருப்பு திறந்து கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டின்னில் போகும்போது ஈரம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஈரமானி ஒன்று வாங்கி, தரம் பிரித்து முடித்ததிலிருந்து டின்னை மூடும் வரை பருப்பு எத்தனை மணி நேரம் திறந்து கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த நேரத்தைக் குறைப்பதுதான் பாதி மருந்து.

இதெல்லாம் இயந்திரம் செய்யும் ஆலைகளுக்குத்தான் ஒத்துவரும் என்று யாராவது சொன்னால் அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டுங்கள். புதுச்சேரியில், கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அவர்கள் கிளை இருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி தொற்றுவது மிக அரிது, ஆனால் வந்தால் பார்வையே போகலாம். அந்தக் குழுமத்தில் அறுவைக்குப் பின் என்ன ஆனது என்பதைத் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்தபோது, சுமார் இருபது லட்சம் அறுவைகளின் கணக்கில், தொற்று பத்தாயிரத்துக்கு ஏழிலிருந்து இரண்டுக்கு இறங்கியது தெரிந்தது. பத்தாயிரத்தில் ஐந்து பேர் என்ற மாற்றம் யார் கண்ணுக்கும் தானாகத் தெரியாது. ஒரே மாதிரி எழுதி வைத்ததால் தெரிந்தது. கருவி அவர்களிடம் பெரியது, முறை உங்கள் நோட்டுக்கும் அதுவேதான்.

இப்போது சான்றிதழ். ஐ.எஸ்.ஓ. 9001 முதலில் வந்தது 1987-ல், பரவலாக நடப்பில் இருப்பது 2015 பதிப்பு. உங்கள் வேலைமுறையை எழுதி வைத்து, அதன்படி நடந்து, நடக்காதபோது திருத்துகிறீர்களா என்று அது பார்க்கிறது. பருப்பு முழுசாக இருக்கிறதா என்று அது பார்க்காது. ஆறு மாதம் மேலே சொன்னபடி நடந்துவிட்டால் அது கேட்கும் காகிதத்தில் பாதி உங்களிடம் உண்மையாகவே இருக்கும், மீதியை எழுதுவது சுலபம். முன்னாலேயே போனால் ஆலோசகர் எங்கிருந்தோ எடுத்து வரும் கோப்பு அலமாரியில் தூங்கும். சான்றிதழ் தரும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். உணவு ஆலை என்பதால் உணவுப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 22000-தான் வேண்டும் என்று வாங்குபவர் கேட்கலாம், முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமம் எப்படியும் கட்டாயம். சிறு, குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் ‘ஜெட்’ (ZED) தரச் சான்றிதழ்த் திட்டத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகப் போகலாம். குறுந்தொழிலுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதி மானியம் உண்டு. கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முதல் தடையாக இருக்கும். அவரிடம் ஷூவார்ட்டையோ டெமிங்கையோ எடுத்துப் போக வேண்டாம். ஒரு நாள் உற்பத்தியில் எத்தனை கிலோ உடைசல், முழுப் பருப்புக்கும் உடைசலுக்கும் அன்றைய விலையில் கிலோவுக்கு எத்தனை ரூபாய் வித்தியாசம் என்று பெருக்கிக் காட்டுங்கள். உடைசலில் ஒரே ஒரு சதவீதம் குறைந்தால் மாதத்துக்கு என்ன வரும் என்பதை அதற்குக் கீழே எழுதுங்கள், இரண்டு மேஸ்திரிகளின் சம்பளத்தை அதற்கும் கீழே எழுதுங்கள். அப்புறம் ஒரு போர்மாவை மட்டும் ஒரு மாதத்துக்கு உங்களிடம் விடச் சொல்லிக் கேளுங்கள்.